கொல்லன் தெருவில் ஊசி

மாலை ஐந்தரை மணிக்குத் தொம்மலூர் மேம்பாலத்தைக் கடப்பது பெங்களூர்வாசிகள் அஞ்சும் செயல். பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் முட்டிக்கொள்ளும் அவ்விடத்தில், கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்து அலுவலகங்கள் ஒரே நேரத்தில் தம் ஊழியர்களை வெளியே அனுப்புகின்றன. ஆண்டில் சில நாள்களில் மட்டும், அதே பொழுதில் அப்பகுதியின் விடுதியறைகளிலும் அலுவலக மேசைகளிலும் வேறொரு பதற்றமும் நிலவுகிறது. கணினி வலையமைப்புத் துறையின் ஆய்வுப் பட்டறைகள் பலவற்றுக்குக் கட்டுரை அனுப்புவதற்கான கடைசிக் கணம், இந்திய நேரப்படி மாலை 5.29.

இந்த விந்தையான நேரத்துக்குக் காரணம் எளியது. ‘புவியில் எங்கேனும்’ என்றொரு நேரக்கணக்கைக் கணினி அறிவியல் மாநாடுகள் பின்பற்றுகின்றன. உலகின் ஏதேனும் ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை கட்டுரையை அனுப்பலாம் என்பது அதன் பொருள். அனைத்துலக நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய மண்டலம் அது. அதில் அமைந்த பசிபிக் தீவுகளான பேக்கரிலும் ஹௌலண்டிலும் மனிதர் எவரும் வாழ்வதில்லை. ஆளில்லாத தீவின் நள்ளிரவு, தொம்மலூரில் மறுநாள் மாலையாக வந்து விடிகிறது. பகலெல்லாம் நிறுவனத்தின் ரௌட்டர்களையும் சர்வர்களையும் மேய்த்துவிட்டு, பகுதிநேர ஆய்வாளராகத் தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்திருக்கும் பொறியாளருக்கு இதைவிடத் தொல்லையான நேரம் அமைவது அரிது.

ஆனால் இங்கே பேச வேண்டியது அந்த நேரத்தைப் பற்றியன்று; அந்த நேரத்துக்குள் பதிவேற்றப்படும் பொருளைப் பற்றி. பட்டறைக்கு அனுப்பப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை பட்டறைக்கு உரியவை அல்ல. மாநாட்டில் இடம்பெறும் தகுதியை எட்டாத, ஆயினும் மாநாட்டுக் கட்டுரையைப் போலவே உடுத்திக்கொண்டு வருகிற எழுத்துகள் அவை. இதற்கு மாணவரைப் பழிப்பது எளிது. அப்பழி அவர்களுக்கு மிகச் சிறிதளவே பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் இதற்குப் ‘பயிலரங்கு’ என்றும் ‘பணிமனை’ என்றும் ‘பட்டறை’ என்றும் பல பெயர்கள் வழங்குகின்றன. நம் கல்லூரிகளில் பயிலரங்கு என்றால் மூன்று நாள் பயிற்சி, இரண்டு வேளைத் தேநீர், இறுதியில் ஒரு சான்றிதழ். அதில் ஒருவர் கற்பிப்பார், மற்றவர் குறிப்பெடுப்பர். வலையமைப்பு ஆய்வுலகில் அச்சொல் குறிப்பது முற்றிலும் வேறொன்றை. அங்கே கற்பிப்போர் இல்லை. முடிவுறாத ஓர் எண்ணத்தை ஒருவர் நடுவில் வைக்கிறார். அறையில் இருக்கும் நாற்பது ஐம்பது பேர் அதைத் தட்டியும் திருகியும் பார்க்கின்றனர். இதற்குப் பட்டறை என்ற சொல்லே தகும். கொல்லன் பட்டறைக்கு எவரும் வளையாத, ஆறாத இரும்பைக் கொண்டுபோவரே அன்றி, செய்து முடித்த ஊசியைக் கொண்டுபோக மாட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்பவரைப் பற்றித் தமிழில் பழமொழியே இருக்கிறது.

இத்துறையின் மிகப் புகழ்பெற்ற பட்டறையின் பெயரே ‘ஹாட்நெட்ஸ்’. சூடான வலையமைப்புகள் என்று பொருள்படும் அது, 2002 அக்டோபரில் பிரின்ஸ்டனில் முதன்முதலாகக் கூடியது. ஆறு பக்கங்கள்தாம் இடம்; மேற்கோள் பட்டியலுக்கு மட்டும் தனிச்சலுகை. ஒரு புதிய கேள்வியைக் கேட்கவும், பழைய விடையை ஐயுறவும், சொந்தக் கருத்துக்காக வாதாடவும் ஆறு பக்கங்கள் போதும். ஒரு முழு அமைப்பைக் கட்டி, அளந்து, பிறர் அமைப்போடு ஒப்பிட்டு நிறுவ அவை போதா. போதாமல் இருப்பதே அந்த வரம்பின் நோக்கம்.

அந்த ஆறு பக்கங்களால் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் ஹாட்நெட்ஸ் பட்டறையில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகிய இருவரும் ஒரு சிறு கட்டுரையை வைத்தனர். அப்போது கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சுற்றியிருந்த ஊர்களை நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளால் பிணைக்கும் முயற்சி நடந்துவந்தது. வைஃபை என்பது ஒரு கூடத்துக்குள் இயங்குவதற்காக உருவானது. பேசுவதற்கு முன் பிறர் பேசுகிறாரா என்று காது கொடுப்பதும், யாரேனும் பேசினால் தான் அடங்கிவிடுவதும் அதன் இயல்பு. ஒரு கோபுரத்தின் உச்சியில் மூன்று திசைகளை நோக்கி மூன்று ஆன்டெனாக்களைப் பொருத்தினால், இந்த நாகரிகமே தடையாகிறது. ஒன்று பேசும்போது மற்றிரண்டும் வீணே வாய்மூடி நிற்கின்றன. ஒரே கோபுரத்தின் எல்லா ஆன்டெனாக்களும் ஒருங்கே அனுப்பட்டும், பிறகு எல்லாம் ஒருங்கே பெறட்டும், இவ்விரண்டு நிலைகளும் மாறி மாறி வரட்டும் என்பதே அவர்கள் முன்வைத்த எண்ணம். அடுத்த ஆண்டு கொலோன் நகரில் நடந்த மொபிகாம் மாநாட்டில் அது செயலாக்கத்தோடும் அளவீடுகளோடும் முழுக் கட்டுரையாக வந்தது. முதலாண்டில் பட்டறை, மறுவருடம் மாநாடு. விதை எது, மரம் எது என்பதில் ஆசிரியர்களுக்கும் குழப்பமில்லை, மதிப்பீட்டாளர்களுக்கும் குழப்பமில்லை.

தமிழ் வாசகருக்கு இன்னும் அருகில் உள்ளது தேனிக் கதை. அரவிந்த் கண் மருத்துவமனை தன் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்துக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க விரும்பியது. நோயாளி சிற்றூரில் அமர்ந்திருக்க, மருத்துவர் தேனியிலிருந்து காணொளியில் அவரோடு பேச வேண்டும். கம்பிவழி இணைப்பு இல்லை. கைப்பேசி வலையமைப்பு அன்றைய நிலையில் காணொளியைத் தாங்காது. பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவினர் மலிவான வைஃபைக் கருவிகளைக் கொண்டே அந்த இணைப்புகளை அமைத்தனர். 2006ஆம் ஆண்டின் ஹாட்நெட்ஸ் பட்டறையில் லட்சுமிநாராயணன் சுப்பிரமணியனும் உடனாசிரியர்களும் வைத்த கட்டுரை, வளரும் நாடுகளுக்கான கம்பியில்லாத் தொடர்பை அடியிலிருந்து மீண்டும் சிந்திக்கும்படி கேட்டது. மக்கள் சிறு சிறு கொத்துகளாக, இடையே வெற்றுநிலம் கிடக்க வாழும் பகுதிகளில், எல்லா இடத்தையும் மூடும் கோபுரங்களை விட ஊருக்கு ஊர் நேர்கோட்டில் பாயும் நெடுந்தொலைவு இணைப்பே தகும் என்பது அதன் வாதம். அதற்கு இன்னும் விடை காணப்படாத சிக்கல்கள் எவையெவை என்ற பட்டியலே அக்கட்டுரையின் பெரும்பகுதி.

அடுத்த ஆண்டு, 2007இல், வைல்ட்நெட் என்ற பெயரில் அதன் செயலாக்கம் என்எஸ்டிஐ மாநாட்டில் வெளியாயிற்று. வழக்கமான வைஃபை தருவதைப் போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகத்தைத் தங்கள் முறை தருவதாக அவர்கள் காட்டினர். அதற்கும் அடுத்த ஆண்டு வந்த கட்டுரை இன்னும் சுவையானது. முன்னோட்டத் திட்டம் முடிந்தபின் ஊரக வலையமைப்பு ஏன் செத்துப்போகிறது, அதை எவ்வாறு உயிரோடு வைத்திருப்பது என்று அது ஆராய்ந்தது. நெறிமுறைகளின் நுட்பத்தை விட, மின்னழுத்தம் ஏறியிறங்கிக் கருவிகளைச் சுட்டெரிப்பதும், பழுது எங்கே என்று கண்டறிய அருகில் ஆளில்லாமையும் பெருந்தொல்லைகள் என்பதை அது வெளிப்படையாக எழுதிவைத்தது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து எவரும் ஊகித்திருக்க முடியாத உண்மை அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இன்று தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் வலையமைப்பு ஆய்வுக்கூட வகுப்பில் ‘மினிநெட்’ மென்பொருளை நிறுவாத மாணவர் குறைவு. ஒரு மடிக்கணினிக்குள் ஒரு முழு வலையமைப்பையே பொம்மையாய் எழுப்பிக்காட்டும் அக்கருவி, 2010இல் மாண்டரேயில் கூடிய ஹாட்நெட்ஸ் பட்டறையின் ஒரு சிறு கட்டுரையாகவே உலகுக்கு அறிமுகமாயிற்று. மினிநெட்டைப் பயன்படுத்தி எழுதப்படும் கட்டுரைகளில் எத்தனை, மினிநெட் பிறந்த அந்தக் கட்டுரையின் துணிவைக் கொண்டிருக்கின்றன என்பது வேறு கேள்வி.

இனி இங்குள்ள நிலை. பெங்களூரில் 2009 முதல் ஒவ்வொரு சனவரியிலும் ‘காம்ஸ்நெட்ஸ்’ என்னும் அனைத்துலக மாநாடு கூடுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழிக்குப் போனதும் உண்டு. முதன்மை மாநாட்டோடு பல பட்டறைகளும், முனைவர் பட்ட மாணவர் தம் நிறைவுறாத ஆய்வை முன்வைத்து மூத்தோரின் கருத்தைப் பெறும் ஆய்வாளர் அரங்கும் அதில் இடம்பெறுகின்றன. இந்தியாவில் இத்துறையில் ஆய்வு செய்வோருக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. சிக்காம் மாநாடு 2010இல் ஒருமுறை தில்லிக்கு வந்தது; மொபிகாம் 2018இல் அங்கேயே வந்தது. மற்ற ஆண்டுகளில் அவற்றைக் காண வேண்டுமெனில் கடல் கடக்க வேண்டும், விசாவுக்காகத் தூதரக வாசலில் நிற்க வேண்டும், டாலரில் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். திருநெல்வேலியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ இரவுப் பேருந்தில் ஏறி, அல்சூரிலோ தொம்மலூரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் குளித்துவிட்டுக் காலை அமர்வுக்குப் போய்ச் சேரக்கூடிய தொலைவில் நடப்பது காம்ஸ்நெட்ஸ்.

இத்தகைய இடத்துக்கு நம் மாணவர்கள் எதைக் கொண்டுவருகின்றனர் என்பதில்தான் வருத்தம். ஒரு மாதிரிக் கட்டுரையின் வடிவம் எல்லாருக்கும் தெரிந்ததே. முதல் பத்தியில் உலகில் இணையக் கருவிகள் பெருகிவிட்டன என்ற செய்தி. இரண்டாம் பக்கத்தில் முந்தைய ஆய்வுகளின் நீண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே உள்ள வழித்தட நெறிமுறை ஒன்றோடு ஏற்கெனவே உள்ள இயந்திரக் கற்றல் முறை ஒன்றைக் கோத்த படம். பிறகு பாவனைப் பரிசோதனை; அதன் அமைப்பளவுகள் மென்பொருளோடு வந்தவை. நான்கு வரைபடங்களிலும் ஆசிரியரின் கோடே மற்றவற்றுக்கு மேலே. எங்கே அந்தக் கோடு கீழே வரும், எந்தச் சூழலில் இம்முறை உடையும் என்று ஒரு சொல்லும் இராது. எதிர்காலப் பணி என்ற இறுதிப் பத்தி மட்டும், இதை உண்மையான வலையமைப்பில் சோதிக்கப்போவதாக உறுதியளிக்கும். அந்தச் சோதனை நடைபெறுவதில்லை; அடுத்த கட்டுரை வேறொரு கோவையாக வரும்.

இவ்வாறு எழுதும் மாணவர் அறிவிலி அல்லர். அவர் கற்றுக்கொண்ட விளையாட்டின் விதிகள் அப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் மாணவர் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டிருக்க வேண்டும், மாநாடுகளிலோ கருத்தரங்குகளிலோ இரண்டு கட்டுரைகளை வாசித்திருக்க வேண்டும் என்று விதித்தது. நோக்கம் நல்லதே. விளைவு என்னவெனில், நாடு முழுவதும் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு ஆய்வாளரும் எங்கேனும் இரண்டு மேடைகளைத் தேடத் தொடங்கினர். தேவை பெருகியபோது மேடைகளும் பெருகின. 2022 நவம்பரில் வெளியான புதிய ஒழுங்குமுறை அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் தமக்கென விதி வகுத்துக்கொள்ளும் உரிமையோடு இருக்கின்றன. துறைக்குழுக் கூட்டத்தில் ‘ஸ்கோப்பஸில் வருமா?’ என்ற கேள்வி நின்றபாடில்லை. ஆசிரியர்களின் பதவி உயர்வும் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைவதால், வழிகாட்டியும் மாணவரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள்.

எண்ணிக்கைக்காக எழுதப்படும் கட்டுரை எந்த எல்லைவரை போகும் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 2005இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் மூவர், பொருளற்ற ஆய்வுக்கட்டுரைகளைத் தானே இயற்றும் மென்பொருள் ஒன்றை எழுதினர். அதன் படைப்புகளில் ஒன்று, வலையமைப்புத் துறையின் சொற்களை அள்ளித் தெளித்த பிதற்றல், ஒரு மாநாட்டில் மதிப்புரையின்றியே ஏற்கப்பட்டது. நகைப்புக்காகச் செய்தது பிழைப்பாக மாறியது. 2014இல் அதே மென்பொருளின் படைப்புகளென அடையாளம் காணப்பட்ட 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஸ்பிரிங்கர், ஐட்ரிபிள்ஈ ஆகிய பதிப்பகங்கள் தம் தொகுப்புகளிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. இன்றைய மொழி மாதிரிகள் எழுதும் கட்டுரைகள் அந்தப் பிதற்றலைப் போல் எளிதில் பிடிபடுவன அல்ல. அவை நன்றாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. உள்ளே கேள்வி இல்லை என்பதை உணர மதிப்பீட்டாளர் கடைசிப் பக்கம்வரை போக வேண்டியிருக்கிறது.

மதிப்பீட்டாளர்களையும் விட்டுவைக்க இயலாது. ஊதியமின்றி, இரவுகளில், தம் சொந்த ஆய்வை ஒதுக்கிவிட்டுப் பிறர் கட்டுரையைப் படிப்போர் அவர்கள். அந்த உழைப்புக்கு நன்றி உரியது. எனினும் பட்டறைக் கட்டுரையை மாநாட்டின் தராசில் நிறுப்பது அவர்களிடையே பழக்கமாகிவிட்டது. ‘பரிசோதனை போதாது’, ‘மேலும் பல முறைகளோடு ஒப்பிட வேண்டும்’ என்ற இரண்டு வரிகள் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். பட்டறைக் கட்டுரையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த எண்ணம் சரியெனில் எவருக்கு என்ன மாறும்? தவறெனில் அதை எப்படிக் கண்டறிவது? இவ்விரண்டுக்கும் விடை உள்ள கட்டுரை, ஒரு வரைபடமும் இல்லாமலே ஏற்கத்தக்கது. விடை இல்லாத கட்டுரை, நாற்பது வரைபடங்களோடு வந்தாலும் திருப்பியனுப்பத்தக்கது. மாணவர் கெட்டிக்காரர், இரண்டு முறை ‘பரிசோதனை போதாது’ என்ற மறுப்பைப் பெற்றவர், மூன்றாம் முறை கேள்வியைக் குறைத்து வரைபடத்தைக் கூட்டுகிறார். ஊசியைப் பட்டறைக்குக் கொண்டுவரும்படி அவரைப் பழக்கியவர் யார்?

இதற்கு மறுப்பு உண்டு; அது வலுவற்றதும் அன்று. பொறியியல் கல்லூரிகள் இவ்வளவு நிறைந்த நாட்டில் பரிசோதனை வேண்டாம் என்று அறிவித்தால் குப்பை வந்து குவியும், வாயால் கட்டிய மாளிகைகளுக்கு அளவிருக்காது என்பது மூத்த பேராசிரியர்கள் சொல்வது. அளவீடு என்பது குறைந்தபட்ச நேர்மைக்கான பிணை என்பர். ஆனால் மேற்சொன்ன மாதிரிக் கட்டுரையில் அளவீடு இருக்கத்தான் செய்கிறது. நேர்மைக்குப் பிணையாக இருக்க வேண்டிய அதுவே அங்கே நேர்மையின்மைக்குத் திரையாகிறது. கான்பூர்க் கட்டுரையும் தேனிக் கட்டுரையும் தம் எண்ணம் எங்கே நிலைகுலையும் என்பதைத் தாமே சொல்லிக்கொண்டு வந்தவை. அதைக் கட்டாயமாக்கலாம். ‘எது இயங்கவில்லை’ என்ற தலைப்பில் அரைப்பக்கமேனும் இல்லாத கட்டுரை படிக்கப்படாது என்று ஒரு பட்டறையின் அழைப்பில் ஒரு வரி இருந்தால், குப்பையின் பாதி வாசலிலேயே நின்றுவிடும். தம் முறை எங்கே தோற்கிறது என்று அறிய அதை உண்மையாகவே இயக்கிப் பார்த்திருக்க வேண்டுமே!

பட்டறைகளுக்குள் இன்னொரு நோயும் உண்டு. தாமே மாநாடாகிவிட வேண்டும் என்ற ஆசை. ஆண்டுதோறும் கூடிவந்த பரவல் கணிப்புக்கான அனைத்துலகப் பட்டறை, 2006இல் குவாகாத்தியில் எட்டாம் முறை கூடியபோது மாநாடு எனப் பெயர் மாறியது. பெயரில் வலையமைப்பும் சேர்ந்துகொண்டது. இன்று ஐசிடிசிஎன் என்று மதிக்கப்படும் நல்ல மாநாடு அது. 2019இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. அந்த வளர்ச்சியில் குறை காண ஒன்றுமில்லை. அது காலிசெய்த இடத்தில், முடிவுறாததைப் பேசுவதற்கென வேறொன்று முளைத்ததா என்பதே கேள்வி.

செலவையும் பேசியாக வேண்டும். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது தேசியத் தகுதித் தேர்வில் வென்ற சிலருக்கு. தனியார் கல்லூரிகளில் ஆசிரியப் பணி செய்துகொண்டே ஆய்வு செய்யும் பெரும்பான்மையோருக்கு அத்தகைய தொகை இல்லை. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் ஆய்விதழ்களைத் திறந்துவிட்டதும் அரசு நிறுவனங்களுக்கே. தனியார் கல்லூரியின் ஆய்வாளர் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். கட்டுரை ஏற்கப்பட்டால் ஆசிரியருள் ஒருவர் கட்டணம் செலுத்திப் பதிவுசெய்ய வேண்டும். நேரில் வாசிக்காவிடில் மின்னூலகத்தில் அது சேர்க்கப்படாமல் போகலாம். நட்சத்திர விடுதியில் நடக்கும் நிகழ்வுக்கு உணவும் அரங்கும் சேர்ந்து கட்டணம் உயர்வது இயல்பே. இவ்வளவு செலவழித்து வருபவர், திரும்பும்போது கையில் ஒரு வெளியீடாவது இருக்க வேண்டும் என்று எண்ணுவதில் என்ன வியப்பு? முடிவுறாத எண்ணத்தோடு வந்து, நாற்பது பேரிடம் திட்டு வாங்கி, தொகுப்பில் இடம்பெறாமல் ஊர் திரும்ப எவரால் இயலும்?

இங்கேதான் தொம்மலூர் மீண்டும் நினைவுக்கு வருகிறது. இவ்வூர் இணையத்துக்குப் புதியதன்று. இணையத்தையும் சமூகத்தையும் ஆராயும் நடுவம் ஒன்று 2008இல் தொடங்கப்பட்டுப் பல ஆண்டுகள் இவ்வூரின் இரண்டாம் கட்டத்திலிருந்து இயங்கியது. அதே இரண்டாம் கட்டத்தில் 2019 முதல் சொந்தக் கட்டடத்தில் பெங்களூர் பன்னாட்டு மையம் செயல்படுகிறது; அதன் பொதுநிகழ்வுகள் பெரும்பாலும் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்தவை. சாலையின் மறுபக்கம் கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில், உண்மையான வலையமைப்புகளை நாளும் இயக்கி, அவை நள்ளிரவில் உடையும்போது எழுந்து ஒட்டவைக்கும் பொறியாளர் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் உள்ள தோல்விகளின் அறிவு எந்தத் தொகுப்பிலும் இல்லை. அவர்களால் கட்டுரை எழுத இயலாது. எழுத நிறுவனமும் விடாது. ஆனால் ஒரு மாணவரின் எண்ணத்தைக் கேட்டு, ‘இது எங்கள் தரவு மையத்தில் ஏன் நடக்காது’ என்று பத்து நிமிடம் பேச அவர்களுக்கு எவர் அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது.

அப்படியெனில், சனவரி மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்னர், ஒரு சனிக்கிழமை, இவ்வூரின் ஏதேனும் ஓர் எளிய அரங்கில், விடுதிச் செலவும் பதிவுக் கட்டணமும் இல்லாத ஒரு பட்டறையைக் கூட்டினால் என்ன? இரண்டு பக்கங்கள் மட்டும். தொகுப்பு நூல் இல்லை. ஆகவே பின்னர் எங்கும் முழுக் கட்டுரையாக அனுப்ப முன்வெளியீடு என்ற தடையும் எழாது. ஒவ்வொரு எண்ணத்துக்கும் வாசிப்பு பத்து நிமிடம், அடி இருபது நிமிடம். வலையமைப்புகளை இயக்குவோரின் தெற்காசியக் கூட்டமைப்பான சனோக், 2003 முதல் ஏறத்தாழ இதே போல்தான் இயங்கிவருகிறது. அங்கே கட்டுரை கேட்பதில்லை, சொல்ல வேண்டிய செய்தி உண்டா என்பதே கேள்வி. ஆய்வாளர்களுக்கு அதில் கற்க நிறைய உண்டு.

இதற்கான பெருந்தடை பணமோ இடமோ அன்று. தொகுப்பு இல்லாத பட்டறைக்குப் போன மாணவரின் பெயர், துறையின் ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்திலும் ஏறாது. அந்தக் கட்டத்தை யார் திறப்பது? பல்கலைக்கழகத்தின் விதியை மாற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்குழுவின் அரையாண்டு மதிப்பீட்டில், ‘மாணவர் தம் எண்ணத்தைத் துறைக்கு வெளியே உள்ளவரிடம் வைத்து மறுப்புரை பெற்றாரா, அதற்கு எழுத்தில் விடையளித்தாரா’ என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கும் அதிகாரம் ஒவ்வொரு வழிகாட்டிக்கும் இன்றே உண்டு.

ஓர் இடைக்குறிப்பு. தொம்மலூரின் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெயரைக் கண்டு சிவன் கோயில் என்று வருவோர் உள்ளே பெருமாளைக் கண்டு திகைப்பதுண்டு. இவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை குறிக்கின்றன. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905இல் தொகுத்து அச்சிட்டார். படிக்க இயலாத இடங்களைப் புள்ளியிட்டு வெற்றிடமாகவே விடுவது அத்தகைய தொகுதிகளின் வழக்கம். ஊகத்தால் அவ்விடங்களை அழகுற நிரப்பியிருந்தால், பின்வந்தோர் மீண்டும் கல்லிடம் போயிருக்க மாட்டார்கள். இப்போது பெங்களூரின் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடி, கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் மீட்கும் பணி நடக்கிறது.

அடுத்த பட்டறைக்கான அழைப்பு வந்ததும் எழுதத் தொடங்கும் மாணவருக்குச் சொல்லத் தகுந்தவை சிலவே. அழைப்பைப் படிக்கும் முன் நிகழ்ச்சிக் குழுவினரின் பெயர்களைப் படிக்க வேண்டும். அவர்களுள் ஒருவருடைய ஆய்வையேனும் அறியாதவர் அங்கே அனுப்புவதில் பயனில்லை, ஒருவரையும் எவரும் அறியாத குழுவுக்கு அனுப்புவது பணத்தை ஆற்றில் விடுவது. தொகுப்பு உண்டா, உண்டெனில் அதே எண்ணத்தை விரித்து மாநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு புதியது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பெயர் மறைத்து மதிப்பிடும் இடமெனில், ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற ஒரு தொடரே முகமூடியைக் கிழித்துவிடும். வழிகாட்டிக்குக் கட்டுரையைக் காட்டுவது கடைசி நாள் மாலை 4 மணிக்கு என்ற வழக்கமும் ஒழிய வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவரால் திருத்த முடிவது நிறுத்தற்குறிகளை மட்டுமே.

மேலும், முதல் வரைவை எழுதி முடித்ததும், ஆசிரியரின் கோடு கீழே இறங்கிய அந்த ஐந்தாம் வரைபடத்தை எந்தக் கோப்புறையில் ஒளித்து வைத்தோம் என்று ஒருமுறை தேடிப் பார்க்கலாம். ஆறு பக்கங்களில் அதற்கு இடம் கிடைக்கும். உலகில் இணையக் கருவிகள் பெருகிவிட்டன என்ற முதல் பத்தியை எடுத்துவிட்டால் போதும்.